386-க்கும் 412-க்கும் என்ன உறவு

கிழக்குத் தாம்பரம்,
மார்கழி 20, ஞாயிறு காலை.

சிரஞ்சீவி ஷ்யாம்சுந்தருக்கு, உன் அத்திம்பேர் லக்ஷ்மிநாராயணன் ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்கா ரமாவும் சௌக்கியம். உங்கள் வீட்டு சௌக்கியத்தை நான் தனியாக விசாரிக்க வேண்டியதில்லை. தினமும் காலை ஏழேகாலுக்கு உன் அக்கா உன்னிடம் ஃபோனில் விசாரித்து, நீ சொல்கிற ஒவ்வொரு பதிலையும் சமையலறையிலிருந்து கூடத்துக்குக் கேட்கும்படி ஒருதரம் திருப்பிச் சொல்லிவிடுகிறாள். உனக்கு முழங்கால் வலி என்பதும், ஸ்ரீவித்யா பழைய மிக்ஸியைக் கொடுத்துப் புது மிக்ஸி வாங்கியதும், உன் பெண் மிருதுளாவுக்கு மறைமலை நகரில் வேலை கிடைத்திருப்பதும் எனக்கு அப்படித் தெரிந்தவைதான்.

தாம்பரத்துக்கும் ஊரப்பாக்கத்துக்கும் மின்சார ரயிலில் கால்மணி நேரம். இதற்குப் போய் ஒரு மனிதன் தபாலாபீஸ் வரிசையில் நின்று உறை வாங்குவானா என்று நீ நினைப்பாய். ஃபோனில் பேசலாம்தான். ஆனால் பத்தொன்பது வருஷமாக நீ ஃபோன் செய்து நான் எடுத்தால் "அக்கா இருக்காளா" என்பாய், நான் "இதோ" என்பேன். உன் பங்குக்கு இரண்டு வார்த்தை, என் பங்குக்கு ஒன்று. நேரில் வரலாம் என்றால், உன் கிரகப்பிரவேசத்துக்கு வந்தபோது நீ "வாங்கோ" என்றாய், நான் தலையை ஆட்டினேன். பந்தியில் "நன்னா சாப்பிடுங்கோ" என்றாய், நான் நன்றாகவே சாப்பிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. சொல்ல வேண்டியது நிறைய இருக்கும்போது அந்த மாதிரி வரவு உதவாது. அதனால்தான் கடிதம். உனக்குத் தெரிந்த விஷயங்களையும் இதில் விலாவாரியாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்; உன் அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்கும் புரிய வேண்டுமாம்.

போன வியாழக்கிழமை பதினோரு மணி இருக்கும். அஸ்தினாபுரம் கல்யாண மண்டபத்து ஞானாம்பாள் அம்மா ஃபோன் செய்தார். நம்முடைய கெட்டிமேளம் சிஸ்டம்ஸ் கம்பெனிக்கு முதல் வாடிக்கையாளராக வந்த அதே அம்மாதான். நம்முடைய "முகூர்த்தம்" மென்பொருளில்தான் இன்றைக்கும் அவர் மண்டபம் பதிவாகிறது என்பது உனக்குத் தெரியுமோ என்னவோ. எனக்கு, அதற்குப் புரோகிராம் எழுதின நம் கலீல் சொல்லித் தெரியும். அந்த அம்மா பதறிப்போய், "சார், தை மாசம் ஒரே ஞாயித்துக்கிழமைக்கு ரெண்டு கல்யாணம் புக் ஆயிருக்கு சார், ரெண்டு பேர் கையிலயும் ரசீது இருக்கு, கம்ப்யூட்டர்தான் குடுத்துச்சு" என்றார். ஒரு கல்யாணம் அதிகாலை நாலரைக்கு மேல் ஆறுக்குள் முகூர்த்தமா என்று கேட்டேன். ஆமாம் என்றார். இன்னொன்று அன்றைக்கே காலை பத்து மணிக்கு மேல் என்றார். ஷ்யாம், உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அந்த நிமிஷம் என் உடம்பில் ஒரு வெயில் ஏறியது. சோபாவை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். உன் அக்கா கையில் முருங்கைக்கீரையோடு வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அங்க ரெண்டு கல்யாணம் முட்டிண்டு நிக்கறதுங்கறா. உங்களுக்கு என்ன சிரிப்பு?" என்றாள். நான் சொன்னேன்: "ரமா, இது 412."

அவளுக்கு 412 என்றால் என்ன என்று தெரியாது. அந்த நம்பரால் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் என்ன ஆயிற்று என்பது மட்டும் தெரியும். ஆகையால் இங்கே கொஞ்சம் பழைய கதை.

அந்த ஆபீஸ் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில் பாத்திரக் கடைக்கு மேலே ஒரு மாடி. ரயில் போனால் நாலு கம்ப்யூட்டரும் சேர்ந்து தலையாட்டும். கல்யாண சீசன் வந்தால் கீழே குடத்திலும் தவலையிலும் பெயர் வெட்டுகிற டிக்டிக் சத்தம் காலையில் ஆரம்பித்துச் சாயங்காலம்தான் ஓயும்; அதைக் கேட்டே இந்த மாதம் எத்தனை மண்டபம் நம்மிடம் வரும் என்று கலீல் கணக்குச் சொல்வான். மறைமலை நகர் உதிரிபாகத் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் போல்ட்டையும் நட்டையும் அளந்து பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்த எனக்கு அங்கே ஆட்குறைப்பு வந்தபோது, நீதான் வந்து, "தப்பு கண்டுபிடிக்கற வேலைதான் அத்திம்பேர், உங்களுக்கு அது தானா வரும்" என்று கையைப் பிடித்து அழைத்துப்போனாய். அதை நான் மறக்கவில்லை. மறந்த மாதிரி இருந்தேன், அது வேறு. உன் அக்கா ஒரே நாலடுக்குக் கேரியரில் நம் இருவருக்கும் கட்டிக் கொடுப்பாள். கலீல் தன் டப்பாவை நடுவில் வைத்துவிட்டு நம்முடைய வத்தக்குழம்பைத்தான் முதலில் தொடுவான். பெருநாளன்று அவன் பெண்டாட்டி ஷரீஃபா சேமியாப் பாயசம் கொடுத்தனுப்புவாள். அதை நீ மானிட்டர்மேல் வைத்து அது கவிழ்ந்து, ஒரு மாதம் அந்தக் கம்ப்யூட்டரில் எறும்பு வந்தது.

அங்கேதான் நீ ஒரு நாள் இலவசமாகக் கிடைக்கிறது என்று ஒரு புகார் மென்பொருளைக் கொண்டுவந்து போட்டாய். நான் கண்டுபிடிக்கிற ஒவ்வொரு தப்பையும் அதில் எழுத வேண்டும். அது தானாக ஒரு நம்பர் கொடுக்கும். கலீல் திருத்துவான், நான் சரிபார்ப்பேன், நீ மூடுவாய். இதுவரை நான் தொழிற்சாலையில் செய்ததுதான். ஆனால் அதில் எனக்குப் புதிதாக இருந்தது ஒன்று. ஒரு புகாரை இன்னொரு புகாரோடு முடிச்சுப் போடலாம். மூன்று வகை முடிச்சு. இதுவும் அதுவும் ஒன்றேதான் என்றால் டூப்ளிகேட். இது தீராமல் அது தீராது என்றால் பிளாக்ஸ். இரண்டும் வேறு, ஆனால் ஒன்றுக்கொன்று சொந்தம் என்றால் ரிலேட்டட். நாற்பத்திமூன்று வயசில் ஒரு மனிதனுக்குக் கிடைத்த விளையாட்டுச் சாமான் அது. எத்தனை முடிச்சுப் போட்டேன். 88 டீயில் சர்க்கரை இல்லை, 91 கலீல் மதியத்துக்கு மேல் வேலை செய்யவில்லை, இது தீராமல் அது தீராது என்று போட்டது நான்தான். நீ சிரித்துக்கொண்டே இரண்டையும் மூடிவிட்டுக் கீழே போய்ச் சர்க்கரை வாங்கி வந்தாய்.

அப்படியிருந்த நமக்கு நடுவில் வந்ததுதான் 386-ம் 412-ம். 386 உன்னுடையது. அதிகாலை நாலரை மணி முகூர்த்தத்துக்குப் பதிவு செய்தால் ரசீதில் கிழமை தப்பாக விழுகிறது, ஞாயிறு என்பதற்குச் சனி என்று வருகிறது என்று நீயே கண்டுபிடித்து எழுதினாய். ஒரு வாரம் கழித்து நான் 412 எழுதினேன். அதே அதிகாலை முகூர்த்தத்துக்குப் பதிவு செய்தால் ஞாயிற்றுக்கிழமை மண்டபம் காலி என்று நாள்காட்டி காட்டுகிறது என்பது என் புகார். நீ பார்த்தாய். இரண்டும் ஒன்றுதானே என்று டூப்ளிகேட் முடிச்சைப் போட்டு என்னுடையதை மூடினாய். கலீல் ரசீதைத் திருத்தினான், கிழமை சரியாக விழுந்தது, 386 முடிந்தது. டூப்ளிகேட் ஆனதால் 412-ம் அதோடு முடிந்ததாகக் கணக்கு. நாள்காட்டியை ஒருத்தரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

நான் சொன்னதைத் திரும்பவும் சொல்கிறேன். ரசீதில் கிழமை தப்பினால் பேனாவால் அடித்துத் திருத்தலாம். மண்டபம் காலி என்று காட்டினால் இரண்டு மாப்பிள்ளை வந்து நிற்பார்கள். அதனால் இரண்டும் ஒன்றல்ல, சொந்தம். ரிலேட்டட் என்று போடு, என்னுடையதைத் திற என்றேன். நீ மாட்டேன் என்றாய். மூன்று நாள் இது ஓடியது. நான் திறப்பேன், நீ மூடுவாய். மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை நீ எல்லோர் முன்னாலும், "அத்திம்பேர், ஆத்துல நீங்க பெரியவர். இங்க நான்தான் டீம் லீட்" என்றாய். நான் சும்மா இருந்திருக்கலாம். "நான் மறைமலை நகர்ல போல்ட்டு செக் பண்ணிண்டிருந்தப்ப நீ அரை டிராயர் போட்டுண்டு என் ஸ்கூட்டர் முன்னாடி நின்னுண்டு வந்தவன்" என்றேன். கலீல் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். நான் ராஜினாமா எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 412 என்று மட்டும் போட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் குரோம்பேட்டை ஸ்டேஷனில் இருவரும் ஒரே வண்டிக்குத்தான் நின்றோம். வண்டி வந்ததும் நீ அடுத்த பெட்டியில் ஏறினாய். காலி கேரியர் என்னிடம் இருந்தது. மறுநாளிலிருந்து உன் அக்கா கேரியரே கட்டவில்லை.

அப்புறம் நான் சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொண்டு, குழந்தைகள் மௌஸைத் திருடாமல் காவல் காத்து ஓய்வு பெற்றேன். நம் கம்பெனி அடுத்த வருஷமே மூடியது, நீ பெரிய கம்பெனிக்குப் போனாய். கலீல் பல்லாவரத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்தான். பொங்கலுக்கு என் வீட்டில், தீபாவளிக்கு உன் வீட்டில் என்று இரண்டு இடத்திலும் மாறி மாறிச் சாப்பிட்டான். ஒரு வீட்டுப் பேச்சை இன்னொரு வீட்டில் சொன்னதே இல்லை. இன்றைக்கு யோசித்தால் அந்த ஒழுக்கத்தை அவன் கொஞ்சம் குறைத்துக்கொண்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். ஞானாம்பாள் அம்மா ஃபோனை வைத்த இரண்டாவது நிமிஷம் கலீலே கூப்பிட்டான். அவன் மகள் கைனாத்துக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருக்கிறதே, பத்திரிகை உனக்கும் வந்திருக்கும். நம்ம சாஃப்ட்வேர் ஓடுகிற மண்டபம் என்ற பாசத்தில் அஸ்தினாபுரத்தில்தான் அவன் பதிவு செய்திருந்தான். முட்டிக்கொண்டு நின்ற இரண்டாவது கல்யாணம் அதுதான். "அண்ணா, அந்த நாள் நம்ம கல்யாணம்ணா. வாங்கண்ணா, கொஞ்சம் வந்து பாருங்க" என்றான். என் உடம்பில் ஏறியிருந்த வெயில் அங்கேயே இறங்கிவிட்டது. கைனாத் பிறந்தபோது ஆபீஸில் லட்டு கொடுத்தோமே. அந்தக் குழந்தைக்குப் போய் என் 412 வர வேண்டுமா?

ஆட்டோ பிடித்துப் போனேன். இத்தனை வருஷம் இது ஏன் வெளியே வரவில்லை என்று கேட்டால், அங்கே மேனேஜராக இருந்த தனசிங் கம்ப்யூட்டரை நம்பாமல் எல்லாப் பதிவையும் ஒரு டைரியிலும் எழுதிவைத்துக்கொண்டிருந்தாராம். ஒரு தடவைகூட யாரிடமும் சொல்லாமல் டைரியைப் பார்த்தே கம்ப்யூட்டரைத் திருத்திவந்திருக்கிறார். போன தீபாவளிக்கு அவர் வேலையை விட்டு மார்த்தாண்டத்துக்குப் போய்விட்டார். புது வருஷத்துக்குப் புது டைரி யாரும் வாங்கவில்லை. ஞானாம்பாள் அம்மா அதைச் சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சற்று நேரத்தில் அதிகாலை முகூர்த்தக்காரரும் வந்தார். வெற்றிவேல் என்று ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், ஒரே பெண். வந்தவர் கத்துவார் என்று நாங்கள் தயாராக இருந்தோம். அவர் கத்தவில்லை, ரசீதை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. முகூர்த்தம் முடிந்து அவர்கள் சாப்பாட்டுப் பந்தி ஓய மதியம் ஒரு மணி ஆகும். கலீல் வீட்டுக்கோ காலை ஆறு மணிக்கே சமையல்கட்டு வேண்டும், பிரியாணி. ஒரே சமையல்கட்டு. ஞானாம்பாள் அம்மா என்னைப் பார்க்கிறார், நான் சுவரைப் பார்க்கிறேன். கடைசியில் கலீல்தான் பேசினான்.

"சார், உங்க முகூர்த்தத்த நகர்த்த முடியாது, எனக்குத் தெரியும். எங்க நேரத்த நகர்த்தலாம். சாயந்தரத் தொழுகை முடிஞ்சு நிக்காஹ் வெச்சிக்கிறோம், ராத்திரி சாப்பாடு. பிரியாணி பின்னால காலி எடத்துல அடுப்பு போட்டு ஆக்கிக்கிறோம். நீங்க நிம்மதியா பண்ணுங்க."

வெற்றிவேல் சார் கட்டியிருந்த கையைப் பிரித்து, "பந்தல், பூ, விளக்கு எதையும் நாங்க கழட்ட மாட்டோம். அப்படியே வெச்சிக்குங்க. உங்க பொண்ணுக்கும் அதே பந்தல்ல நடக்கட்டும்" என்றார். அவரும் கலீலும் எழுந்து நம்பர் மாற்றிக்கொண்டார்கள். இரண்டு வீட்டுப் பூவுக்கும் ஒரே ஆளைச் சொல்லலாமா என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். கல்யாணம் தப்பியது. நீ இதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

நான் கிளம்பியிருக்கலாம். ஆனால் எனக்கு 412-ஐ ஒருதரம் கண்ணால் பார்க்க வேண்டும் என்றிருந்தது. நம் கம்பெனி மூடினபோது ஆபீஸ் பெரிய கம்ப்யூட்டரைத்தான் ஞானாம்பாள் அம்மா மண்டபத்துக்கு எடுத்துக்கொண்டார். துணி உறை போட்டு, மேலே சந்தனக் கிண்ணம் வைத்து, அந்த மெஷின்தான் இன்னும் ஓடுகிறது. மண்டபத்துப் பதிவுக்குப் பக்கத்தில் நம்முடைய பழைய புகார் மென்பொருளும் அப்படியே இருக்கிறது. யாரும் அழிக்கவில்லை, அது என்னவென்று அங்கே யாருக்கும் தெரியாததால். கலீல் திறந்தான். 88 இருந்தது, 91 இருந்தது. இரண்டையும் படித்தோம். பிறகு 412 என்று தட்டினேன். மூடியது, டூப்ளிகேட் என்று சிவப்பில் இருக்கும் என்று நினைத்துத்தான் தட்டினேன்.

திறந்திருந்தது, ஷ்யாம். டூப்ளிகேட் முடிச்சு இல்லை. ரிலேட்டட் என்று இருந்தது. அதற்குக் கீழே, நான் வேலையை விட்ட பதினான்காவது நாள் தேதி போட்டு, இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக நீ எழுதியிருந்தாய்: "அத்திம்பேர், டூப்ளிகேட்னு மூடினது தப்பு. ரிலேட்டட்தான். நாள்காட்டிய இன்னிக்குத்தான் திறந்து பார்த்தேன். நீங்க சொன்னது சரி. பாத்துட்டு ஒரு வரி போடுங்கோ." அதற்குக் கீழே ஒரு மாதம் கழித்து, "பாத்தேளா?" அதற்குக் கீழே அந்தப் பொங்கலன்று, "அக்காகிட்ட கேட்டேன். நீங்க நன்னா இருக்கேளாம். சரி." அவ்வளவுதான். அதற்கு மேல் வெறும் வெள்ளை. வலது பக்கத்தில் ஒரு கட்டத்தில், இது யாருடைய பதிலுக்காகக் காத்திருக்கிறது என்ற இடத்தில், என் பெயர்.

புகாரைத் திருப்பித் திறந்தால் அது எழுதினவனுக்கே சரிபார்க்கப் போகும், அதுதான் அதன் வழக்கம். போயிருக்கிறது; என் பதில் வராததால், திருத்துகிற கலீலிடம் போகாமல் அங்கேயே நின்றுவிட்டது. எனக்குத் தபாலும் போயிருக்கிறது, ஆபீஸில் கொடுத்த அந்த ஈமெயில் முகவரிக்கு. ராஜினாமா எழுதின அன்றைக்கே நான் அதைத் திறப்பதை நிறுத்திவிட்டேன். கோபத்தில் பாஸ்வேர்டைக்கூட மறந்துவிடுவதாக ஒரு தீர்மானம் செய்திருந்தேன். நீயோ நான் படித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறேன் என்று நினைத்திருக்கிறாய். உன் "வாங்கோ"வுக்கு நான் தலையாட்டினபோதெல்லாம் உன் மனசில் என்ன ஓடியிருக்கும் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நினைத்துப் பார்த்தேன். கலீல் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அவனுக்கும் தெரியாது. உனக்கும் எனக்கும் நடுவில் வரக்கூடாது என்று அவன் அந்த 412 பக்கமே அப்புறம் போனதில்லையாம்.

உடனே பதில் போட வேண்டும் என்று தோன்றியது. படிக்க விடுகிற மெஷின் எழுத விடவில்லை, பாஸ்வேர்டு கேட்டது. உன் அக்கா பெயர், அவள் பிறந்த தேதி, எங்கள் கல்யாண தேதி எல்லாம் போட்டேன். கல்யாண தேதியை நான் தப்பாகப் போட்டது வேறு விஷயம், அதை அவளே இப்போது பின்னாலிருந்து கவனித்துவிட்டாள். அரைமணி நேரம் கழித்து முயற்சிக்கவும் என்று கதவை அடைத்துவிட்டது. ஞானாம்பாள் அம்மா காப்பி கொடுத்தார். அரைமணி கழித்துக் கலீல், "அண்ணா, உங்க பாஸ்வேர்டு ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும்ணா. ஒத்த வெரல்ல அடிக்கறப்ப வாய்விட்டு சொல்லிக்கிட்டே அடிப்பீங்க" என்று சொல்லி அவனே அடித்தான். ஸ்கூட்டர் நம்பர். திறந்தது. நான் ஒரு வரி எழுதினேன்: "ஷ்யாம், இன்றைக்குத்தான் பார்த்தேன்." அனுப்பினால், உன் பழைய ஆபீஸ் முகவரிக்குப் போக முடியவில்லை என்று அந்த மெஷினே எனக்குத் திருப்பிச் சொன்னது. உனக்கு அப்படிக்கூட யாரும் சொல்லவில்லை என்பதும் அப்போது உறைத்தது.

வீட்டுக்கு வந்து ரமாவிடம் சொன்னேன். அவள் கீரைக் கூட்டைக் கிளறிக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்துவிட்டாள். "அந்தப் பொங்கலுக்கு நான் கேட்டேனே. ஷ்யாம் ஏதோ எழுதியிருக்கானாம், பாத்தேளான்னு. அவன் எழுதினது எதையும் நான் பாக்கறதா இல்லன்னு சொன்னேளே. அதோட நான் வாயை மூடிண்டேன்" என்றாள். எனக்கு ஞாபகம் வந்தது. கம்பெனியிலிருந்து வந்த பழுப்பு உறை ஒன்று அலமாரியில் பிரிக்காமல் கிடந்தது, அதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். வேலைச் சான்றிதழாக இருக்கும் என்று அதை இன்றுவரை பிரிக்கவில்லை. இரண்டு நாளாக அவள் என்னிடம் பேசுவது உன்னோடு நான் ஃபோனில் பேசுகிற அளவில்தான் இருக்கிறது.

ஆகவே இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்தது இதுதான். 412 விஷயத்தில் நான் சொன்னது சரி என்று நீ ஒப்புக்கொண்டதை நான் ஏற்றுக்கொள்கிறேன். அதைப் பத்தொன்பது வருஷம் கழித்து ஏற்றுக்கொள்வது என் தப்பு. அரை டிராயர் விஷயத்தையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், அது உண்மையாக இருந்தாலும். நீ லீடாக இருந்த காலத்தில் அந்த ஆபீஸ் மாதிரி ஒரு இடத்தில் நான் அதற்கு முன்னும் வேலை செய்ததில்லை, பின்னும் செய்யவில்லை. அந்த டிக்டிக் சத்தத்துக்காக எத்தனையோ தடவை குரோம்பேட்டையில் இறங்கி அந்தக் கடை வாசலில் நின்றிருக்கிறேன். இப்போது மெஷினில் வெட்டுகிறார்கள், சத்தமே இல்லை. மாடியில் ஏதோ பல் ஆஸ்பத்திரி. கைனாத் நிக்காஹுக்கு நீ வருவாய், நானும் வருவேன். சாயங்காலம் என்று மாறியதைக் கலீல் உனக்குச் சொல்லியிருப்பான். அதற்கு முன்னால் ஒருநாள் சாப்பிட வா. உன் அக்கா வத்தக்குழம்பு என்று இப்போதே முடிவு செய்துவிட்டாள்.

ஸ்ரீவித்யாவுக்கு என் அன்பைச் சொல். மிருதுளாவுக்கு மறைமலை நகர் வேலையில் மேன்மேலும் விருத்தி உண்டாகட்டும். உன் முழங்காலுக்கு வென்னீர் ஒத்தடம் கொடுப்பதாகவும், மாடிப்படியைத் தவிர்ப்பதாகவும் எனக்கு நீயே சொல்லும்படி ஆகட்டும். எல்லாருக்கும் எல்லா நலமும் பெருக வேண்டுகிற,

உன் அத்திம்பேர்
லக்ஷ்மிநாராயணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டி ஸ்டாம்பும் ஒட்டின பிறகு கலீல் வந்தான். உன் அக்கா இட்லிப் பானை ஆவியில் காட்டிப் பிரித்துக் கொடுத்தாள், அதனால் இதை உள்ளே வைக்கிறேன். இனி இப்படி நடக்கக்கூடாது என்று அவன் நேற்று மண்டபத்தில் உட்கார்ந்து தான் எழுதின புரோகிராமைத் தானே வரி வரியாகப் படித்திருக்கிறான். பஞ்சாங்கப்படி நாள் சூரிய உதயத்தில்தான் ஆரம்பிக்கும் என்று அந்தக் காலத்தில் ஞானாம்பாள் அம்மா சொன்னதை நம்பி, ஆறு மணிக்கு முந்தினதெல்லாம் முதல் நாள் என்று ஒரு வரி எழுதிவைத்திருக்கிறான். கிழமை எது என்று ரசீதும் அந்த ஒரு வரியைத்தான் கேட்கிறது, நாள்காட்டியும் அதைத்தான் கேட்கிறது. அன்றைக்கு அவன் அந்த வரியைத் தொடாமல் ரசீதில் மட்டும் ஒரு நாளைக் கூட்டி ஒட்டுப்போட்டிருக்கிறான். நேற்று அந்த ஒரு வரியை மாற்றினான், ஒட்டையும் பிரித்தான். இரண்டு தப்பும் ஒரே சமயத்தில் போய்விட்டன. "தப்பு என்னுதுண்ணா. ஷ்யாம் அண்ணன் போட்டதுதான் கரெக்ட்டு" என்று சொல்லிவிட்டு இரண்டு இட்லி சாப்பிட்டுப் போனான்.

ஆக 412 டூப்ளிகேட்தான். நீ முதல் நாள் போட்டதே சரி. மேலே ஆறு பக்கத்தில் நான் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டதை எல்லாம் நீ இல்லாததாக நினைத்துக்கொள். ஆனால் நீ எழுதின அந்த மூன்று வரியை மட்டும் நீ வாபஸ் வாங்கக் கூடாது, அது எனக்கு வேண்டும். இப்போது 412-ஐ மறுபடியும் டூப்ளிகேட் என்று போட்டு மூட வேண்டும். புகார் எழுதினவனே அதை மூட முடியாது, இன்னொருவர்தான் மூட வேண்டும் என்கிறது அந்த மென்பொருள். கலீலைக் கேட்டால் மாட்டேன் என்கிறான். ஞானாம்பாள் அம்மா வருகிற சனிக்கிழமை பத்து மணிக்கு ஆபீஸ் அறையைத் திறந்து வைக்கிறேன் என்றிருக்கிறார். வந்து மூடிவிட்டுப் போ. நான் தாம்பரத்தில் ஏறுகிறேன், குரோம்பேட்டையில் இறங்கி ஒரே ஆட்டோவில் போகலாம். எந்த வண்டி, எந்தப் பெட்டி என்று ஃபோன் செய்து சொல். நான் எடுத்தால் என்னிடமே சொல்.